பழைய மோட்டார்ஹோம் ஃபைபர் பாடி: ஒட்டுப் போட்ட இடத்தில் வெள்ளை சேரமாட்டேன் என்கிறது

வழிப்போக்கன் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வண்டி 1997 கிளாஸ் சி மோட்டார்ஹோம் (முன்பக்கம் வான், பின்பக்கம் வீடு), ஃபோர்ட் ஈ-350 சேசிஸ். 401 நெடுஞ்சாலையில கிங்ஸ்டன் பக்கம் போகேக்க, பின் இரட்டைச் சில்லில வெளிச் சில்லின்ர ரயர் வெடிச்சுப்போச்சு. கழன்ற ரப்பர்ப் பட்டை சுழண்டு சுழண்டு அடிச்சதில, சில்லு வளைவுக்கு மேல ஃபைபர் சுவர் ஒரு முழத்துக்குக் கிழிஞ்சு, வளைவின்ர விளிம்பும் துண்டாய்ப் போட்டுது. நல்லவேளை, ஆருக்கும் ஒண்டும் ஆகேல்லை.

ஒட்டுற வேலை எனக்குக் கைவரும். ரெசின், கண்ணாடி நார்ப் பாய் எல்லாம் வாங்கி வைச்சிருக்கிறன். யோசனை முழுக்க நிறத்திலதான். சாரதிக் கதவுத் தூணில இருக்கிற ஸ்டிக்கரில நிறக் குறி ஒய்இசட் எண்டு கிடக்கு. கடையில அந்தக் குறிக்குக் கொஞ்சம் கலந்து தந்தினம். ஒரு அட்டையில அடிச்சு, காஞ்ச பிறகு சுவரோட பிடிச்சுப் பார்த்தால் இரண்டும் இரண்டு வெள்ளை. சுவர் பால் ஆடை மாதிரி இருக்கு, அட்டை பளிச்செண்டு தனியாய் நிக்குது.

இதை எப்பிடிச் சேர்க்கிறது? ஜெல்கோட் அடிக்கிறதோ, பெயின்ட் அடிக்கிறதோ? அந்தத் துண்டோட நிப்பாட்டலாமோ, முழுப் பக்கத்தையும் அடிக்க வேணுமோ?

ஹாமில்டன் அண்ணை

தம்பி, ஒய்இசட் எண்டது ஃபோர்டின்ர ஆக்ஸ்ஃபோர்ட் வெள்ளை. அது முன்பக்கத்துக்கு மட்டும்தான்: எஞ்சின் மூடி, மட்கார்ட், இரண்டு கதவு. பின்னால இருக்கிற வீட்டைக் கட்டினது வேற கொம்பனி. அந்தச் சுவருக்குப் பெரும்பாலும் பெயின்டே இராது. ஃபைபர் செய்யேக்க முதல் பூச்சாய்ப் போற நிறம் கலந்த பொலியெஸ்டர் ரெசின் இருக்கே, ஜெல்கோட், அதுதான் நீங்கள் பார்க்கிற வெள்ளை. அதுக்குக் கதவுத் தூணில குறி இராது. வண்டி புதிசாய் நிண்ட நாளிலேயே முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வெள்ளை இல்லை. இடையில ஒரு ரப்பர்ப் பட்டையும் நிறக் கோடுகளும் ஓடினதால கண்ணுக்குப் படேல்லை, அவ்வளவுதான்.

பெயின்ட் வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. உடைஞ்ச இடத்துக்குப் பக்கத்தில சுவரைக் கையால தடவுங்கோ. உள்ளங்கையில வெள்ளைத் தூள் ஒட்டுதோ? பிறகு அதே இடத்தை ஈரத்துணியால நனைச்சுப் பாருங்கோ. நனைஞ்ச இடம் ஒரு படி கடுமையாய்த் தெரிஞ்சு, காஞ்சதும் திரும்ப வெளிறினால், நீங்கள் பார்க்கிறது சுவரின்ர நிறமே இல்லை, மேல படிஞ்ச தூள். வெயில் பட்டுப் பட்டு ரெசின் சிதைய, நிறத் தூளும் சிதைஞ்ச ரெசினும் மேலுக்கு மிஞ்சி நிக்கும். சொரசொரப்பான மேற்பரப்பு வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும், அதுதான் வெளிறினமாதிரித் தெரியுறது.

தூளுக்கு நிறம் பிடிக்க வெளிக்கிட்டால் ஒருநாளும் பிடிபடாது. இரண்டு முழம் அகலத்துக்குக் கட்டிங் கொம்பவுண்ட் எண்ட தேய்க்கிற பசை போட்டு மெஷினால பொலிஷ் பண்ணி, உள்ள இருக்கிற உண்மையான வெள்ளையை வெளியில எடுங்கோ. அந்த வெள்ளைக்குத்தான் நிறம் பிடிக்க வேணும். கடைசியில முழு வண்டியையும் பொலிஷ் பண்ணுறதாய் இருந்தால் மட்டும்தான் இது சரிவரும். தூளோடையே ஓடப்போறன் எண்டால் இந்த ஒட்டு எப்பிடியும் தெரியும்.

கயல் (நியூ ஜெர்சி)

அண்ணா சொன்ன ஈரத்துணி விஷயத்தை நானும் வழிமொழியறேன். நான் பெயிண்ட் கம்பெனியில கலர் லேப்ல வேலை பாக்கறேன். கலரை அளக்கற ஸ்பெக்ட்ரோ மெஷினைத் தூள் படிஞ்ச சுவர்ல வச்சா அது தூளைத்தான் படிக்கும். சுத்தம் பண்ணி பாலிஷ் பண்ணின இடத்துல, பக்கம் பக்கமா அஞ்சாறு இடத்துல வச்சுப் படிச்சு சராசரி எடுக்கணும்.

எந்த இடத்துல படிக்கறோம்ங்கறது ரொம்ப முக்கியம். நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி, டெயில் லேம்பைக் கழட்டினா உள்ள, சாமான் அறைக் கதவோட உள்விளிம்புல எல்லாம் வெயிலே படாத வெள்ளை இருக்கும். "ஒரிஜினல் கலர் கிடைச்சிடுச்சு"ன்னு அதுக்கு மேட்ச் பண்ணிடுவாங்க. அது வண்டி பொறந்தப்ப இருந்த கலர். உங்களுக்கு வேண்டியது இன்னிக்கு, அந்தச் சக்கர வளைவுக்கு மேல, அந்தப் பக்கத்துச் சுவர்ல இருக்கற கலர். வண்டி வருஷக்கணக்கா ஒரே திசை பாத்து நிக்குதுன்னா தெற்கு வெயில் வாங்கின பக்கமும் வடக்குப் பக்கமும் வேற வேற வெள்ளையா இருக்கும். இடப்பக்கத்துக்குக் கலந்ததை வலப்பக்கத்துல அடிக்காதீங்க.

மெஷின் கொடுக்கற ஃபார்முலா ஒரு தொடக்கம்தான். வெள்ளையில நம்ம கண்ணு ரொம்பக் கறார். கரும் பச்சையில தெரியாத அளவு வித்தியாசம் வெள்ளையில மஞ்சளா, சிவப்பா, நீலமா உடனே தெரிஞ்சிடும். வெள்ளை பெயிண்ட்ல பெரும்பகுதி டைட்டானியம் டையாக்சைடு. மத்தது துளித்துளியா கறுப்பு, மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு. அந்தத் துளிகள்லதான் விஷயமே இருக்கு. முதல்ல வெளிச்சம், அதாவது எவ்வளவு வெளுப்பு எவ்வளவு மங்கல்ங்கறதைச் சரி பண்ணுங்க. அதுக்கப்புறம் மஞ்சள் பக்கமா, சிவப்பு பக்கமான்னு பாருங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல துரத்தினா கலந்துகிட்டே இருப்பீங்க. ஒவ்வொரு துளியையும் 0.01 கிராம் காட்டற தராசுல எடை போட்டு எழுதி வச்சுக்கங்க.

சாம்பிள் அட்டையில அடிக்கும்போது வண்டியில எத்தனை கோட் அடிப்பீங்களோ அத்தனை கோட், மேல நிறமில்லாத கிளியர் போடறதா இருந்தா கிளியரும் போட்டு, காய்ஞ்ச அப்புறம்தான் பாக்கணும். பின்னால கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை கிடைக்கும். அந்தக் கட்டம் கண்ணுக்கு மறைஞ்ச பிறகுதான் அது உங்க கலர். அதுக்கு முன்னாடி பாக்கறது அடியில இருக்கறதும் சேர்ந்த கலர்.

வழிப்போக்கன்

ஈரத்துணிச் சோதினை செய்து பார்த்தன். அண்ணை சொன்னது அப்பிடியே சரி, நனைஞ்ச இடம் மங்கின யானைத்தந்த நிறம். கையில தூள் அப்பிக்கொண்டு வருது. பொலிஷ் பண்ணின பிறகும் அந்த ஒய்இசட் அட்டை சேரேல்லை. சுவர் இன்னும் மஞ்சள் பக்கம்தான் நிக்குது.

இன்னொண்டு கவனிச்சன். சில்லு வளைவுக்கு மேல ஓடுற நீலக் கோடு வினைல் ஸ்டிக்கர். கிழிஞ்ச இடத்தில அதின்ர ஒரு துண்டு உரிஞ்சு வந்திட்டுது. அதுக்குக் கீழ சுவர் வழுவழுப்பாய், வேற ஒரு வெள்ளையாய் இருக்கு. விரலால தடவினால் கோட்டின்ர விளிம்பு ஒரு சின்னப் படி மாதிரித் தட்டுப்படுது.

நீர்வழி (ஹாலிஃபாக்ஸ்)

அந்தப் படி வந்தது சுவர் தேஞ்சதால. வினைலுக்குக் கீழ இருந்தது வெயில் காணாமல் அப்பிடியே நிக்குது, சுத்தி இருந்தது வருசா வருசம் தூளாய்ப் போய் இறங்கியிருக்குது. படகிலயும் பேர் எழுதின இடத்தில இதையேதான் பார்ப்பம். புதுக் கோடு பழைய கோட்டைவிட ஒடுக்கமாய் இருந்தால் அந்த நிழல் வெளியில தெரியும்.

நான் படகு திருத்திற ஆள். உங்கட கேள்விக்கு என்ர பதில்: ஜெல்கோட்டில் ஓட்டை விழுந்தால் ஜெல்கோட்டாலதான் அடைக்க வேணும். காரணம் இருக்குது. கிளியர் போட்ட கார் பெயின்ட் வருசக்கணக்காய் மினுக்கமாய் நிக்கும். சுத்தி இருக்கிற ஜெல்கோட் திரும்பவும் தூளாகும். இண்டைக்கு அச்சொட்டாய்ச் சேர்ந்த ஒட்டு மூண்டாம் கோடையில தனியாய் முழிக்கும். ஜெல்கோட் ஒட்டு சுத்தியிருக்கிறதோட சேர்ந்து மங்கும். இரண்டையும் ஒரே கொம்பவுண்டால ஒரே நேரத்தில பொலிஷ் பண்ணலாம்.

நிறம் பிடிக்கிற விதம் சொல்லுறன். வெள்ளை ஜெல்கோட்டை ஹார்டனர் (இறுக வைக்கிற திரவம்) சேர்க்காமல் கோப்பையில எடுங்கோ. ஓக்கர், கறுப்பு, பழுப்புச் சாயப் பசைகள் தனித்தனியாய் வேணும். பல்லுக்குத்துற குச்சியின்ர நுனியில தொட்டுத் தொட்டுக் கலவுங்கோ. கலந்ததில ஒரு பொட்டு எடுத்து, பொலிஷ் பண்ணின சுவரிலேயே வைச்சு, மேல தெளிவான பிளாஸ்டிக் தாளை வைச்சு விரலால அழுத்துங்கோ. பொட்டு தட்டையாய்ப் பரவி, ஜெல்கோட்டும் சுவரும் ஒரே மினுக்கத்தில பக்கத்துப் பக்கத்தில நிக்கும். விளிம்பு எங்க எண்டு கண் தேடினால் கிட்ட வந்திட்டியள். அசிற்றோனால துடைச்சிட்டு அடுத்த பொட்டு. திருப்தியான பிறகு அதில கொஞ்சத்துக்கு ஹார்டனர் போட்டு இறுக விட்டுப் பாருங்கோ, ஏனெண்டால் இறுகேக்க நிறம் கொஞ்சம் நகரும். முழு அளவையும் ஒரே தடவையில கலந்து வையுங்கோ. இரண்டாம் தரம் அதே நிறம் வராது.

ஹார்டனர் எடைக்கு 1 முதல் 2 வீதம். சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலால பிசுபிசுப்பாய் நிக்கும், இறுகாது. ஒண்டில் மெழுகுக் கரைசல் சேர்க்க வேணும், இல்லாட்டில் மேல பிவிஏ எண்ட, காற்றுப் படாமல் மறைக்கிற திரவத்தைத் தெளிச்சு மூடவேணும்.

ஒட்டுறதுக்கு என்ன ரெசின் வாங்கி வைச்சிருக்கிறியள்? எபொக்ஸி எண்டால் இந்தக் கதை முழுக்க மாறும். எபொக்ஸிக்கு மேல பொலியெஸ்டர் ஜெல்கோட் சரியாய் இறுகாமல், பிறகு தகடாய்க் கழண்டு வர இடமிருக்குது. உங்கட பாய் வெட்டு நார்ப் பாய் எண்டால் அதைப் பிடிச்சு வைச்சிருக்கிற பசை, பொலியெஸ்டர் ரெசினில இருக்கிற ஸ்டைரீன் எண்ட கரைப்பானில் கரையிற பசை. எபொக்ஸியில ஸ்டைரீன் இல்லை, பாய் விறைப்பாய் நிண்டு வளைவுக்குப் படியாது.

ஹாமில்டன் அண்ணை

நீர்வழி சொல்லுறதில நியாயம் இருக்கு. எண்டாலும் படகுக் கூடும் மோட்டார்ஹோம் சுவரும் ஒண்டில்லை தம்பி. படகில ஃபைபர் தடிப்பு. இங்க சுவர் எண்டது மெல்லிசான ஃபைபர் தாள், பின்னால மெல்லிய ஒட்டுப்பலகையும் நுரையும். மேல இருக்கிற ஜெல்கோட் அரை மில்லிமீற்றர் இருந்தால் பெரிய விசயம். ஏற்கெனவே தேஞ்ச சுவரில புது ஜெல்கோட்டைத் தடிப்பாய்ப் போட்டு, தேய்ச்சு மட்டமாக்க வெளிக்கிட்டால், விளிம்பில பழைய ஜெல்கோட் தேஞ்சு நார் எட்டிப் பார்க்கும். உள்ளங்கை அளவு காயத்துக்கு ஜெல்கோட் சரி. ஒரு முழக் கிழிசலுக்கு, அதுவும் நட்டுக்குத்தாய் நிக்கிற சுவரில, நான் பெயின்ட்தான் அடிப்பன்.

மூண்டாம் கோடைப் பிரச்சினைக்கு வழி பெயின்டை எங்க நிப்பாட்டுறம் எண்டதில இருக்கு. சுவர் நடுவில ஒருநாளும் நிப்பாட்டாதையுங்கோ. நிறம் ஒரு இழை விலகினாலும் இரண்டு வெள்ளையும் தொட்டுக்கொண்டு நிக்கிற கோட்டில கண் உடன பிடிக்கும். நடுவில ஒரு அலுமினியச் சட்டமோ நீலப் பட்டையோ வந்தால் அதே வித்தியாசத்தைக் கண் தேடாது. உங்கட வண்டியில பாருங்கோ: மேல நீலக் கோடு, கீழ பாவாடை விளிம்பு (சுவரின்ர அடி விளிம்பு), முன்னால சாமான் அறைக் கதவு, பின்னால மூலைச் சட்டம். நாலு பக்கமும் கடவுள் கோடு கீறித் தந்திருக்கிறார். அந்தச் சதுரம் முழுக்க அடியுங்கோ. மேல் விளிம்பைக் கோடு வாற இடத்துக்கு நடுவில முடிச்சு, புது வினைலைப் பழைய அகலத்துக்கோ கொஞ்சம் கூடவோ வெட்டி மேல ஒட்டுங்கோ. பழைய கோட்டின்ர படியும் பெயின்டின்ர விளிம்பும் இரண்டும் ஒளிஞ்சிடும்.

ஒழுங்கு இது. சிலிகான், மெழுகு எடுக்கிற திரவத்தால முதல்ல துடைக்க வேணும், தேய்க்கிறது அதுக்குப் பிறகுதான். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் பழைய மெழுகைச் சுவருக்குள்ள தேய்ச்சு ஏத்திவிடுவியள், பெயின்ட் அடிக்கேக்க மீன்கண் மாதிரி வட்ட வட்டமாய் விலகும். யன்னலைச் சுத்தி ஆரோ சிலிகான் பூசியிருந்தால் அங்க இரட்டைக் கவனம். கிழிசலின்ர விளிம்பைத் தடிப்பின்ர 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாய்த் தேய்ச்சு, நார் வைச்சு, பட்டி பார்த்து, உப்புத்தாள் 180, 320 எண்டு இறங்கி, எபொக்ஸி பிரைமர், மேல தடிப்புப் பிரைமர், பிறகு உப்புத்தாள் 400 இல இருந்து 600. உடைஞ்ச இடத்துக்கு மட்டும் பிரைமர் போட்டு மிச்சத்தை விட்டால் அடிநிறம் இரண்டாகி, மேல வெள்ளை மெல்லிசாய் விழுந்த இடத்தில அது தெரியும். சதுரம் முழுக்க ஒரே பிரைமர்.

மிச்சிகன் தேவி

எங்களிடம் 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம் இருக்கிறது. 1973 முதல் 1978 வரை மிச்சிகனில் பான்டியாக் நகரில் கட்டியவை. முன்சக்கர இழுவை, ஓல்ட்ஸ்மொபில் எஞ்சின். அதன் உடம்பில் அலுமினியத் தகடும் ஃபைபர் பேனலும் கலந்தே இருக்கும். அதனால் இந்த நிறச் சண்டையை இரண்டு மடங்கு பார்த்திருக்கிறேன். ஒரே டப்பாவிலிருந்து ஒரே நாளில் அடித்த பெயிண்ட், அலுமினியத்தில் ஒரு மாதிரியும் ஃபைபரில் ஒரு மாதிரியும் வயதாகிறது. ஃபைபரில் விளிம்புகளில் மயிரிழை வெடிப்பு வருகிறது, அலுமினியத்தில் ரிவெட்டைச் சுற்றிக் கொப்பளிக்கிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன் தம்பி. கேரேஜ் விளக்கில் பார்த்து "சேர்ந்துவிட்டது" என்று முடிவெடுக்க வேண்டாம். அட்டையை வண்டியில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, காலை வெயிலிலும் மதிய நிழலிலும் மேகமூட்டத்திலும் தள்ளி நின்று பாருங்கள். எங்கள் வண்டியில் கேரேஜுக்குள் ஒன்றாகத் தெரிந்த பழுப்பு, வாசலுக்கு வந்ததும் பச்சை பாய்ந்து நின்றது.

கயல்

தேவி அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ரெண்டு பெயிண்ட்லயும் இருக்கற நிறமிகள் வேற வேறயா இருந்தா ஒரு விளக்குல ஒண்ணாத் தெரியும், இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சிடும். பழைய கலர்கள்ல இது அதிகம் நடக்கும். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சுல எல்லாம் லெட் குரோமேட் போடுவாங்க, இப்ப அது கார் பெயிண்ட்ல போயிடுச்சு. பழைய குறியைச் சொல்லி இன்னிக்குக் கலந்தா வேற நிறமிகளை வச்சு அதே கலரை எட்டிப் பிடிக்கறாங்கன்னு அர்த்தம். கனடாவுல 2009 விதிமுறைகளுக்கு அப்புறம் ரிப்பேர் கடைகள்ல பேஸ் கோட் பெரும்பாலும் தண்ணியில கரையறதா மாறிடுச்சு, ஃபார்முலாவும் அதோட மாறிச்சு. அதனால குறியை விட அட்டையை நம்புங்க.

வெள்ளைக்குள்ள இருக்கற கறுப்பு, மஞ்சள் எந்த வகைங்கறதுலயும் இதே கதை இருக்கு. கடைக்காரர்கிட்ட "ஃபார்முலாவுல வேற வேரியன்ட் இருக்கா"ன்னு கேளுங்க. ஒரே குறிக்கு ரெண்டு மூணு ஷேடு சிஸ்டத்துல இருக்கறது சகஜம். இந்தச் சுவருக்கு மேட்ச் ஆகற வெள்ளை வேற ஏதோ கார் கம்பெனியோட வெள்ளையாக்கூட இருக்கலாம். ஷேடு புத்தகத்தையே வாங்கிட்டுப் போய் சுவர்ல வச்சுப் பாக்கறது நல்ல வழி.

புதியவன் (கால்கரி)

இடையில் ஒரு கேள்வி. என் வண்டியில் சின்னச் சின்ன ஒட்டுகள்தான். 2கே பெயிண்டை (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) வீட்டு கேரேஜிலேயே அடிக்கலாமா? கார்பன் முகமூடி இருக்கிறது.

ஹாமில்டன் அண்ணை

அடிக்காதையுங்கோ. 2கே ஹார்டனரில ஐசோசயனேட் இருக்கு. அதுக்கு மணம் பெரிசாய்த் தெரியாது, முகமூடி தோத்தாலும் உங்களுக்கு விளங்காது. ஒருக்கால் நெஞ்சு அதுக்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும், வாழ்நாளுக்கும். வெளியில இருந்து குழாயால சுத்தமான காற்று வாற முகமூடியும், கையும் கழுத்தும் மூடின உடுப்பும், காற்று இழுக்கிற பூத்தும் (பெயின்ட் அடிக்கிற அறை) வேணும். என்னோட வேலை செய்த ஒரு நல்ல பெயின்டர் இந்தத் தொழிலையே விட்டுப்போனது இதாலதான். தேய்க்கிறது, பட்டி பார்க்கிறது வரைக்கும் நீங்கள் செய்யுங்கோ, அதுக்கும் தூசி முகமூடி கட்டாயம். கடைசி அடியை பூத் இருக்கிற இடத்தில குடுங்கோ. நீங்களே தேய்ச்சு மாஸ்க் பண்ணிக் குடுத்தால் கூலி நல்லாய்க் குறையும். சின்ன ஒட்டுக்கு நீர்வழி சொன்ன ஜெல்கோட் முறை உங்களுக்குப் பொருந்தும். காற்றோட்டமாய் வெளியில வைச்சு, குச்சியாலும் தாளாலும் செய்யலாம். கையுறையும் கண்ணாடியும் போடுங்கோ, ஜெல்கோட் ஹார்டனர் கண்ணில பட்டால் பெரிய ஆபத்து.

வழிப்போக்கன்

நான் வாங்கினது பொலியெஸ்டர் ரெசின்தான், பாயும் வெட்டு நார்ப் பாய்தான். ஆனபடியால் இரண்டு வழியும் திறந்திருக்கு.

முடிவு இப்பிடி எடுத்திருக்கிறன். கிழிசல் இருக்கிற சதுரம் முழுக்கப் பெயின்ட்; நீலக் கோட்டில இருந்து பாவாடை விளிம்பு வரைக்கும். பின் மூலையில கல்லுப்பட்ட மூண்டு நாலு சின்னப் பொட்டுகளுக்கு ஜெல்கோட். யானைத்தந்த நிறத்துக்கு மெஷினால படிச்சு, கடைக்காரர் வேரியன்ட் பார்த்து, அதுக்கு மேல மஞ்சள் ஆக்சைடு துளி சேர்த்துத் தந்த அட்டை இப்ப சுவரில ஒட்டிக் கிடக்கு. வெயிலில விளிம்பு தெரியேல்லை. பின்னேர நிழலில மட்டும் அட்டை ஒரு பொட்டுச் சிவப்பாய்த் தெரியுது.

கயல்

பின்னேர நிழல்ல சிவப்புன்னா சிவப்பு ஆக்சைடைப் பாதியாக் குறைச்சு இன்னொரு அட்டை அடிக்கச் சொல்லுங்க. பச்சை சேர்த்து சிவப்பைக் கொல்லலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, வெள்ளை அழுக்காயிடும். எடுக்க முடிஞ்சதை எடுக்கறதுதான் நல்லது. வண்டி எப்பவும் திறந்த வெளியில நிக்கறதால, வெயில்ல சேர்ற அட்டைக்கு முதல் உரிமை கொடுங்க.

நீர்வழி

நல்ல முடிவு. இந்த அளவு சதுரத்துக்குப் பெயின்ட் எண்டால் நான் மறுக்கேல்லை. ஆனால் சுத்தியிருக்கிற ஜெல்கோட்டுக்கு வருசம் இரண்டு தரமாவது மெழுகு போடுங்கோ, இல்லாட்டில் நான் சொன்ன மூண்டாம் கோடை வரும். புதுப் பெயின்டுக்கு மெழுகு எப்ப எண்டு அண்ணை சொல்லட்டும்.

ஹாமில்டன் அண்ணை

அந்தப் பெயின்டின்ர தாளில எழுதியிருக்கிற காலம் வரைக்கும் மெழுகு வேண்டாம். எனக்கு வழக்கம் இரண்டு மாதம் விடுறது, உள்ள இருக்கிற கரைப்பான் முழுக்க வெளியில போக வேணும். வினைலும் உடன ஒட்டாதையுங்கோ, அவசரப்பட்டால் கீழ கொப்பளிக்கும். பூத்தில சூடு வைச்சால் 60 பாகைக்கு மேல போக விடாதையுங்கோ எண்டு சொல்லிவிடுங்கோ. ஃபைபருக்குள்ள அடைபட்ட காற்று விரிஞ்சு பெயின்டில ஊசித் துவாரம் விழும், சுவருக்குப் பின்னால இருக்கிற ஒட்டும் விட்டுக் குடுக்கும்.

இன்னொண்டு. அந்தப் பக்கத்து உள் ரயரும் மற்றப் பக்கத்து இரண்டும் அதே வயசாய்த்தான் இருக்கும். ரயரின்ர பக்கச் சுவரில டிஓடி எண்ட எழுத்துக்குப் பிறகு கடைசி நாலு இலக்கம் பாருங்கோ, முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருசம். வெடிப்பு விழுந்த ரயரோ, ஏழெட்டு வருசம் தாண்டினதோ எண்டால், பெயின்டுக்குக் குடுக்க முதல் அதை மாத்துங்கோ.

வழிப்போக்கன்

பார்த்தன் அண்ணை. மூண்டுமே பத்து வருசத்துக்கு மேல. நாளைக்கு ரயர்க் கடைக்குப் போறன், அட்டை இரண்டாவது வந்ததும் படம் போடுறன்.